‘இதர’ என்றொரு கலம்

போன பொங்கல் விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். மகள் வயிற்றுப் பேத்தி. ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. வனவிலங்கு உயிரியல் படிக்கிறாள். என்னை ‘அப்புச்சி’ என்று கூப்பிடுவாள். நான் பிறந்த காரைக்காலில் அம்மாவின் அப்பாவை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அறுபது வருடக் கோயமுத்தூர் வாசம் எனக்குக் கொடுத்த பட்டம் அது. பென்ஷனை விடப் பெரிதாக நினைக்கிறேன்.

மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். போனைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“அப்புச்சி, இது பிரெஞ்சுங்க. பழைய மீன் புஸ்தகம். ஒரே ஒரு பக்கம் படிச்சு அர்த்தம் சொல்லுங்க.”

“எனக்கு எதுக்கம்மா இந்தச் சோதனை? பிரெஞ்சை விட்டு அறுபது வருஷமாச்சு.”

“மீன் ஆபீசுல வேலை பாத்தவரு, பிரெஞ்சும் படிச்சவரு. இந்த ஊருல உங்கள விட்டா எனக்கு வேற ஆளு ஏதுங்க?”

இப்படிக் கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். லாசெபேத் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி எழுதிய ‘மீன்களின் இயற்கை வரலாறு’ அது. 1798-இல் தொடங்கி 1803 வரை ஐந்து பாகங்களாகப் பாரிஸில் வெளிவந்தது. யாரோ புண்ணியவான்கள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டு வந்தேன். ஒரு சொல்லில் நாக்கு நின்றுவிட்டது. டபிள்யூ, ஆர், ஏ, எச், எல். பிரெஞ்சுச் சொற்களில் டபிள்யூ வருவதே அபூர்வம். நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். வ்ராஹ்ல்... வ்ரால்... விரால்!

“அடி, இது நம்ம விரால்!” என்று கத்தியே விட்டேன்.

“விராலா? கிலோ என்ன விலையாம்?” என்று சமையலறையிலிருந்து வீட்டுக்காரியின் குரல் வந்தது.

பேத்தி இன்னும் இரண்டு மூன்று பக்கங்களைத் தேடி எடுத்தாள். இருவரும் சேர்ந்து விஷயத்தைப் பிடித்தோம். பெர்லினில் பிளாக் என்றொரு மருத்துவர் இருந்தார். மீன்களைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் எழுதியவர். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் மிஷனில் பாதிரியாராக இருந்த ஜான் என்பவர் அவருக்கு இங்கிருந்து மீன்களைப் பதம் பண்ணிக் கப்பலில் அனுப்பி வைப்பார். அந்த நன்றிக்காகவே ஒரு மீன் பேரினத்துக்கு ‘ஜானியஸ்’ என்று பிளாக் பெயர் வைத்தார். மீனோடு நம் ஊர்ப் பெயரும் கடல் கடந்து போயிற்று. விராலுக்குப் பிளாக் 1793-இல் ‘ஸ்ட்ரையேட்டஸ்’ என்று லத்தீன் பெயர் வைத்தார். எட்டு வருடம் கழித்து எழுதிய லாசெபேத், தமிழ்ப் பெயரையே விஞ்ஞானப் பெயராக எழுதிவிட்டார். குரவை மீனையும் அதேபோல் ‘கரூவே’ என்று எழுதியிருக்கிறார். முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது விதி. அதனால் இன்றைக்கு விரால் ‘சன்னா ஸ்ட்ரையேட்டா’தான். ஆனாலும் தரங்கம்பாடிப் பக்கத்தில் யாரோ ஒரு மீன்காரர் சொன்ன சொல் பாரிஸ் வரை போய் அச்சேறியிருக்கிறது. காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி சில மைல்தான். எங்கள் பக்கத்து ஆள்!

பேத்தி சந்தோஷமாகக் குறித்துக்கொண்டாள். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. முப்பது வருடத்துக்கு மேலாக வீட்டில்கூடச் சொல்லாத ஒரு தப்பு இதில் இருக்கிறது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் கதை கொஞ்சம் தெரிந்திருக்கும். அப்பா மில் ஃபிட்டர். காரைக்கால் 1954 நவம்பரிலேயே இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அந்த இடைவெளியிலும் அதற்குப் பிறகு இரண்டு வருடமும் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1964-இல் அப்பாவுக்குக் கோயமுத்தூர் மில் ஒன்றில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு இங்கே வந்தோம். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

காரைக்கால் பள்ளியில் ‘லெஸோன் த ஷோஸ்’ என்று ஒரு பாடம் உண்டு. தமிழில் பொருட்பாடம் எனலாம். வாத்தியார் ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுவந்து மேஜை மேல் வைப்பார். ஒரு நாள் நத்தை, ஒரு நாள் நெல்கதிர், ஒரு நாள் பூட்டு. அதைப் பார்க்க வேண்டும், வரைய வேண்டும், கடைசியில்தான் பெயர் எழுத வேண்டும். ஒருமுறை தாமரை இலையில் சுற்றி ஒரு மீன் கொண்டுவந்தார். நான் படத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கீழே ‘புவாஸோன்’, அதாவது மீன் என்று எழுதிக் காட்டினேன். வாத்தியார் அதைக் குறுக்கே அடித்தார்.

“உங்க அம்மா கடைத்தெருவுல போயி ‘மீன் குடு’ன்னா கேக்குறா? என்ன மீனுன்னு சொல்லித்தான கேக்குறா?”

வகுப்பே சிரித்தது. ‘கெளுத்தி’ என்று பிரெஞ்சு எழுத்தில் எழுதச் சொன்னார். மூன்று தடவை எழுதினேன்.

அந்தப் பாடத்தைத்தான் உத்தியோகத்தில் மறந்தேன்.

1972-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். நாலைந்து அலுவலகங்கள் மாறிய பிறகு, நம் கொங்குப் பக்கத்து அணை ஒன்றின் மீன்பிடிப்புக் கணக்கைக் கவனிக்கும் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தேன். பவானிசாகரா, அமராவதியா, ஆழியாறா, திருமூர்த்தியா என்று கேட்காதீர்கள். சொல்லப்போகிற தப்பு என் கையெழுத்தில் நடந்தது. அதை ஓர் ஊரின் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை.

வேலை இப்படி நடக்கும். விடியற்காலையில் பரிசல்கள் கரைக்கு வரும். மீனை எடை போட்டுப் பங்கு பிரிப்பார்கள். மீன்வள உதவியாளர் ஒருவர் நீளமான நோட்டில் எழுதிக்கொள்வார். தேதி, ஆளின் பெயர், எந்தக் கண்ணளவு வலை, என்ன மீன், எத்தனை கிலோ. அந்த உதவியாளர் அதிகம் படித்தவரில்லை. பரிசல்காரர் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதையே எழுதுவார். வாளை, விரால், குரவை, கெளுத்தி, ஆரால், உளுவை, வெண்கெண்டை, சேல் என்று பக்கம் பக்கமாக இருக்கும். சில பெயர்கள் அந்தக் கரையில் மட்டும் வழங்குபவை. நோட்டைத் திறந்தால் மீன் வாசனை வரும். மழைக்காலத்துப் பக்கங்களில் மை கரைந்திருக்கும்.

மாதக் கடைசியில் இந்த நோட்டுகள் என் மேஜைக்கு வரும். கூட்டிப்போட்டு மாதாந்திர அறிக்கை தயார் செய்ய வேண்டும். அச்சடித்த படிவத்தில் மீனுக்கு ஐந்து கலங்கள். கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, இதர. முதல் மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். அரசாங்கம் குஞ்சு வாங்கி அணையில் விட்டு வளர்ப்பவை. அதனால் அவற்றின் கணக்கு மேலே தேவை. ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன். எங்கே விட்டாலும் பல்கிப் பெருகிவிடும். அதற்கும் ஒரு கலம். மற்றதெல்லாம், அதாவது இந்த ஆற்றில் அணை கட்டுவதற்கு முன்பிருந்தே பிறந்து வளர்ந்த மீன்கள் அத்தனையும், ‘இதர’.

எனக்கு அது பெரிய வசதி. பத்துப் பன்னிரண்டு பெயர்களைத் தனித்தனியாகக் கூட்ட வேண்டாம். ஒரே கூட்டல், ஒரே எண். என் அறிக்கை ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை என்று மேலதிகாரி பாராட்டியிருக்கிறார்.

1990-களின் தொடக்கத்தில் அலுவலகத்தை வேறு கட்டிடத்துக்கு மாற்றினார்கள். புது இடத்தில் பதிவறை சின்னது. பழைய கோப்புகளைக் கழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கோப்பையும் முடிக்கும்போதே அதற்கு ஆயுள் எழுதிவிடுவோம். எல்.டிஸ். என்றால் ஒரு வருடம், கே.டிஸ். மூன்று வருடம், டி.டிஸ். பத்து வருடம், ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். மாதாந்திர அறிக்கைகள் நீண்ட நாள் வைக்க வேண்டிய கட்டில் இருந்தன. கரை நோட்டுகளை யாரும் கோப்பாகவே நினைக்கவில்லை. அறிக்கை தயாரித்த பிறகு அவை வெறும் துண்டுக் கணக்குதானே?

அழிப்புப் பட்டியல் தயாரித்தது நான். ‘கரை நோட்டுகள், பதினெட்டு வருடத்தவை, தேவையில்லை’ என்று எழுதினேன். உதவியாளர் வந்து, “சார், இதையுமா?” என்று ஒரு வார்த்தை கேட்டார். “எல்லாம் அறிக்கையில ஏறியாச்சு” என்றேன். பழைய பேப்பர்காரர் தராசோடு வந்து எடை போட்டு எடுத்துப் போனார். வந்த பணத்தைச் சலான் போட்டுக் கருவூலத்தில் கட்டினேன். சலானின் நகல் மட்டும் பத்திரமாகக் கோப்பில் இருந்தது. விதிப்படி எல்லாம் சரி. தணிக்கையில் ஒரு குறையும் சொல்லவில்லை.

அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்தார். தோளில் பை, கையில் மேலிடத்துக் கடிதம். அணைகளில் இருந்த நாட்டு மீன்கள் வளர்ப்பு மீன் விட்ட பிறகு என்ன ஆயின என்பது அவர் தலைப்பு. நான் பெருமையோடு மாதாந்திர அறிக்கைகளை எடுத்துப் போட்டேன். ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. அரை நாள் புரட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சார், இந்த ‘இதர’வுல என்னென்ன இருந்துச்சு?”

“அது... பல வகை.”

“அதைப் பிரிச்சு எழுதின கணக்கு எங்கேயாவது இருக்குமா சார்? அன்னாடம் கரையில எழுதுவாங்களே, அந்த நோட்டு?”

நான் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் அறிக்கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேனாவை மூடிப் பையில் வைத்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். பேனாவை மூடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த நோட்டுகளின் மதிப்பு எனக்குப் பிறகுதான் புரிந்தது. புரிய வைத்தது ஆழியாறு. பொள்ளாச்சிக்காரர்கள் பலருக்கே தெரியாத ஒரு சாதனை அங்கே நடந்திருக்கிறது. வங்காளத்தில் பாரக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் 1980-களில் ஆழியாறு அணையில் நம் மாநில அரசோடு சேர்ந்து வேலை செய்தார்கள். 646 ஹெக்டேர் நீர்ப்பரப்பு. அதற்கு முன்பெல்லாம் பொடிக் குஞ்சுகளை ஆயிரக்கணக்கில், ஒரு வருடம் நிறைய, ஒரு வருடம் கொஞ்சம் என்று விடுவார்கள். எண்ணிக்கை பார்க்க நன்றாக இருக்கும், பெரிய மீன்கள் தின்றது போக மிச்சம்தான் வளரும். ஆராய்ச்சிக்காரர்கள் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். குஞ்சுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஹெக்டேருக்கு 300 சொச்சம் என்று வைத்தார்கள். ஆனால் ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒரே நாளில் கொட்டாமல் பல தவணைகளில் விட வேண்டும். வலையின் கண்ணளவைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த கட்லா, ரோகு, மிர்காலைப் பிடிக்கக் கூடாது.

1990 வாக்கில் ஆழியாற்றில் ஹெக்டேருக்கு 194 கிலோ மீன் கிடைத்தது. அன்றைக்கு நாட்டின் சிறிய நீர்த்தேக்கங்களின் சராசரி 50 கிலோதான். உடுமலைப் பக்கம் திருமூர்த்தி அணையிலும் இதே வழியில் 182 கிலோ வந்தது. இந்த இரண்டு பெயர்களும் மீன்வளப் பாடப் புத்தகங்களில் ஏறிவிட்டன.

இதை மேஜையில் உட்கார்ந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. எந்த அளவுக் குஞ்சு விட்டால் எத்தனை மாதத்தில் எந்த எடையில் வலையில் வருகிறது என்று கரையில் தினமும் எழுதினால்தான் தெரியும். வலை போடுகிறவர் சொல்ல வேண்டும், அலுவலகம் எழுதி வைக்க வேண்டும், படித்தவர் அதை வைத்து யோசிக்க வேண்டும். மூன்றில் ஒன்று விட்டாலும் வேலை கெடும். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் இந்த மூன்றும் சேர்ந்தன. அதே தண்ணீரில் இருந்த வாளைக்கும் சேலுக்கும் வெண்கெண்டைக்கும் கணக்கு இருந்தும் இல்லாமல் போனது. எங்கள் அலுவலகத்தில் விட்டுப்போன கண்ணி நான்தான்.

அந்த மாணவர் அதோடு போய்விடவில்லை. மறுநாள் வந்து, “பழைய பரிசல்காரங்க யாராவது இருக்காங்களா சார்?” என்றார். கூட்டிக்கொண்டு போனேன். அது என் வேலையில்லை, ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை, கரைக்கு மேலே புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். மூன்று பெரியவர்கள். அதில் ஒருவர் அணையில் தண்ணீர் நிறுத்திய காலத்திலிருந்தே பரிசல் போட்டவர்.

முதல் நாள் அவரிடம் நான் விஷயத்தைச் சொல்லி, “நோட்டெல்லாம் நான்தானுங்க எடைக்குப் போட்டது” என்றேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகக் கேட்டார்.

“ஏனுங் சார், நீங்க நோட்டத் தொலச்சா மீனு பேரு எங்களுக்கு மறந்து போயிருமுங்களா?”

மாணவர் படங்களைக் காட்டுவார். பெரியவர்கள் பெயர் சொல்வார்கள். சில நேரம் ஒரே மீனுக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்லிச் சண்டை வரும். குட்டிக்கு ஒரு பெயர், வளர்ந்ததற்கு ஒரு பெயர் என்று பிறகு தெளியும். எந்த மாதத்தில் எந்த மீன் ஏறும், எது புதுத்தண்ணீருக்கு வரும், எது பாறைச் சந்தில் கிடக்கும், எதைப் பார்த்துப் பத்து வருடம் ஆயிற்று என்று சொல்லிக்கொண்டே போனார்கள். நான் எழுதிக்கொடுக்கும் வேலை செய்தேன். காரைக்கால் வாத்தியார் சொன்னபடி, சொன்ன பெயரைச் சொன்னபடியே எழுதினேன். முப்பதுக்கு மேல் பெயர் சேர்ந்தது.

பெயர் மீண்டது, எடை மீளவில்லை. எந்த வருடத்தில் எது எத்தனை கிலோ, எந்த வருடத்திலிருந்து குறைய ஆரம்பித்தது என்பதை எவ்வளவு ஞாபகசக்தி உள்ளவரும் சொல்ல முடியாது. அதை ஒரு நோட்டுதான் சொல்லும். அந்த நோட்டு ஏதோ ஒரு கடையில் பொட்டலமாகப் போயிருக்கும்.

பட்டியலில் ஒரு பெரிய மீன் இருந்தது. அணை கட்டிய புதிதில் வெள்ளத்தோடு வரும், முதுகு தூக்கியிருக்கும், இரண்டு பேர் சேர்ந்தால்தான் பரிசலுக்குள் இழுக்கலாம் என்றார்கள். மாணவர் மகாசீர் படத்தைக் காட்டினார். மூவரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். காவிரியிலும் அதில் சேரும் ஆறுகளிலும் இருந்த கூன்முதுகு மகாசீரைப் பிடிக்க வெள்ளைக்காரத் துரைமார்கள் தவம் கிடந்தார்கள். 1946-இல் கபினி ஆற்றில் 54 கிலோவில் ஒன்று பிடிபட்டது. 1873-இலேயே ஆங்கிலத்தில் அதைப் பற்றிப் புத்தகம் வந்துவிட்டது. ஆனால் அந்த மீனுக்குச் சரியான விஞ்ஞானப் பெயர் எது என்று 2018 வரை தீர்மானமாகவில்லை. அமராவதிக்கு வந்து சேரும் பாம்பாற்றில் 2007-இல் பெயரிடப்பட்ட ‘டார் ரெமாதேவியை’ என்ற மீனும் அதுவும் ஒன்றுதான் என்று 2018-இல் சொன்னார்கள். அதற்கு உதவியது நம் மோயாற்று மீன். பெயர் கிடைத்த வருடமே, அற்றுப்போகும் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலிலும் அது ஏறிவிட்டது.

செய்தியைப் படித்தபோது நான் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பெரியவர்கள் சொன்னது அதே மீன்தானா? என் ‘இதர’வுக்குள் அது எத்தனை முறை புகுந்து போயிருக்கும்? சொல்ல என்னிடம் எடை இல்லை. எடைக்குப் போட்டவன் நான்.

இதையெல்லாம் பொங்கலுக்கு மறுநாள் பேத்தியிடம் சொன்னேன். முதல் தடவையாக. அவள் தன் படிப்பில் வரும் ஒரு கதையைச் சொன்னாள். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் டார்லிங் என்றொரு கார்ட்டூன்காரர். வேட்டைக்காரர்களும், அதிகாரிகளும், கல்லூரிக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கையில் வாத்தும் மீனும் குறைந்துகொண்டே போவதைப் பார்த்தார். 1932-இல் மாநில அரசையும் அங்கிருந்த கல்லூரியையும் ஒன்றாக உட்கார வைத்து, தன் கைக்காசும் போட்டு, ஓர் ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கினார். ஆராய்ச்சியும் நடக்கும், மாணவர்களும் தயாராவார்கள், கிடைத்த முடிவு நேராக அரசின் கைக்குப் போகும். 1935-இல் மத்திய அரசும் சேர்ந்து வேறு மாநிலங்களுக்கும் அது பரவியது. இன்றும் நடக்கிறது.

“நம்ம ஆனைகட்டியிலயும் கொஞ்சம் அப்படித்தானுங்க அப்புச்சி” என்றாள். சலீம் அலி பெயரில் 1990-இல் தொடங்கிய பறவையியல் மையத்தைச் சொல்கிறாள். மத்திய அரசின் பணம், பாரதியார் பல்கலைக்கழகத்தின் பட்டம், காடோ மாநில வனத்துறையுடையது. 2023-இல் டேராடூன் வனவிலங்கு நிறுவனத்தோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே படித்தவர்கள் எத்தனையோ காடுகளில் வேலை பார்க்கிறார்கள்.

“அந்தக் காட்டுக்குள்ள போனா வழிகாட்டுறது யாரு?” என்று கேட்டேன்.

“இருளர் அண்ணன்மாருங்கதான். அவங்க இல்லாட்டி நாங்க பாதைகூடக் கண்டுபுடிக்க மாட்டோமுங்க.”

“அவங்க பேரை எழுதுவீங்களா?”

கொஞ்சம் யோசித்தாள். “எழுதோணுமுங்க” என்றாள்.

அன்றைய ஆராய்ச்சி மாணவர் எழுதியிருந்தார். ஆய்வேட்டின் ஒரு நகலை எனக்கு அனுப்பினார். நன்றி சொல்லும் பக்கத்தில் முதலில் மூன்று பரிசல்காரர்களின் பெயர், ஊரோடு. என் பெயர் கீழே இருந்தது. அந்த இடம்கூட அதிகம்தான்.

ஓய்வு பெற்றபின் நான் பறவை எண்ணப் போகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். கோயம்புத்தூர் நேச்சர் சொசைட்டி நண்பர்களோடு முடிந்தபோதெல்லாம் சிங்காநல்லூர் குளத்துக்கோ சூலூர் குளத்துக்கோ போவேன். 2015-இலிருந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வேறு நடக்கிறது. கண் முன்போல் இல்லை. நான் எழுதுகிறவன் மட்டும்தான். பையன்கள் பைனாகுலரில் பார்த்துச் சொல்வார்கள். நாமக்கோழி இருபது, முக்குளிப்பான் ஆறு, கூழைக்கடா மூன்று. ஒவ்வொன்றுக்கும் தனி வரி. ஒருமுறை தூரத்தில் கலங்கலாக ஏதோ கூட்டம். “மத்ததுன்னு போட்டுக்கலாமுங்களா தாத்தா?” என்று ஒரு பையன் கேட்டான். “நடந்து போய்ப் பார்த்துவிட்டு வா” என்றேன். கரையைச் சுற்றி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தாழைக்கோழி, பதினொன்று.

ஏன் இந்தக் கிழவர் இதற்கு இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார் என்று அந்தப் பையன் நினைத்திருப்பான். அவன் இதைப் படித்தால் புரிந்துகொள்ளட்டும்.

நண்பர்களே, உங்களில் பலர் என் வயதுக்காரர்கள். வீட்டை இடித்துக் கட்டும்போதும், பிள்ளைகள் பரணைச் சுத்தம் செய்யும்போதும் முதலில் வெளியே போவது நம் பழைய நோட்டுகள்தான். அப்பா எழுதிய மழைக் கணக்கு, கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று குறித்த டைரி, குளத்து மீன் குத்தகைக் கணக்கு, தோட்டத்தில் எந்த மாதம் மயில் வந்தது என்ற குறிப்பு என்று எது இருந்தாலும் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு கல்லூரி வாத்தியாரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் பஸ் ஏறி வந்து பார்க்கிறேன்.

பேத்தி ஊட்டிக்குக் கிளம்பும் அன்று பீரோவிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தேன். புளியமரத்தடியில் நான் எழுதியதன் சொந்த நகல். முப்பத்திச் சொச்சம் பெயர்கள், யார் சொன்னது, எந்த மாதத்து மீன் என்ற விவரத்தோடு. மை மங்கியிருக்கிறது. அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஆட்டோவிலேயே ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்து, “அப்புச்சி, இது என்ன மீனுங்க, எழுத்து புரியலை” என்றாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். குரவை.